அம்மா வீட்டு குரூப்பில் ஸ்மார்ட் போர்டு பேச்சு

சித்தி (ஞாயிறு காலை 7.12): நேற்றுப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து படுத்தவள்தான், இப்போதுதான் குரூப்பைத் திறக்கிறேன். அண்ணா, அக்கா, எல்லாருக்கும் காலை வணக்கம்.

அம்மா: விடுமுறை நாளில்கூட என்னடி பயிற்சி?

சித்தி: ஸ்மார்ட் போர்டுக்கு அக்கா. வட்டார வள மையத்தில் நாள் முழுக்க. அறுபது பேர், ஒரே ஒரு போர்டு. பின்வரிசையில் இருந்தவளுக்கு முன்வரிசைக்காரர் தலைதான் தெரிந்தது. சுண்டல் நன்றாக இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும்.

அண்ணன்: அதுக்கு ஒரு நாள் எதுக்கு சித்தி? அது ஒரு பெரிய போன், அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் பழகிவிடலாம்.

சித்தி: பெரிய போன்தான் கண்ணா. ஆனால் என் போனை நான் ஒருத்திதான் பார்க்கிறேன். இதை ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 27 பேர் ஒரே அறையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி, மறந்துவிட்டாயா? திறனைப் பார்த்துப் பிரித்ததில் முதல் நிலையான அரும்பில் இருப்பவன் இன்னும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பான், மேல் நிலையான மலரில் இருப்பவள் கதையே வாசிப்பாள். இருவருக்கும் ஒரே வீடியோவைப் போட்டால் யாருக்கு என்ன போய்ச் சேரும்? அதை நேற்று ஒருவரும் பேசவில்லை. ஆன் செய்வது, வைஃபை இணைப்பது, பேனாவில் நிறம் மாற்றுவது, கடைசியில் போனில் வருகைப் பதிவு, முடிந்தது.

மாமா: எனக்கு இது புதிதில்லை. 2018-ல் புதுப் பாடநூல் வந்தபோதே பக்கத்துக்குப் பக்கம் கியூஆர் குறியீடு இருந்தது, தீக்‌ஷா ஆப்பில் ஸ்கேன் செய்தால் வீடியோ வரும். நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் பாதிப் பேர் அது ஏதோ விலை போடுகிற கட்டம் என்று நினைத்தார்கள் 😄 அடுத்த ஆண்டு கல்வித் தொலைக்காட்சி. பொருள் முதலில் வந்துவிடும். அதை வைத்துப் பாடம் எடுப்பது எப்படி என்பது வந்து சேர்வதற்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன்.

அண்ணன்: இப்போது தொடக்கப் பள்ளிகளுக்கு மட்டும் 22,931 ஸ்மார்ட் வகுப்பறை, 79,723 ஆசிரியர்களுக்கு டேப்லெட் என்று அறிவித்திருந்தார்களே. அத்தனை பேருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டுமென்றால் கூட்டமாக உட்கார வைத்துத்தான் ஆக வேண்டும் மாமா.

மாமா: உட்கார வைக்கட்டும். கூட ஒரு நாள் பள்ளிக்கே வந்து, பக்கத்தில் நின்று, ஒரு பாடம் நடத்திக் காட்டட்டும்.

சித்தி: அதேதான் அண்ணா. போன வாரம் எங்கள் போர்டில் படமே வரவில்லை, நீலத் திரை மட்டும். நான் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுகிறேன், பக்கத்து அறையிலிருந்து வந்த ஐந்தாம் வகுப்புப் பெண் ரிமோட்டில் ‘சோர்ஸ்’ என்று ஒரு பட்டனை அமுக்கினாள், வந்துவிட்டது. அவள் வீட்டு டிவியிலும் அப்படித்தானாம்.

அப்புறம் பட்டாம்பூச்சி வீடியோ போட்டேன். மூன்று நிமிடம்தான். ஓடவிட்டால் வாயைப் பிளந்து பார்ப்பார்கள், முடிந்ததும் ‘இன்னொண்ணு டீச்சர்’ என்பார்கள். அதனால் கூட்டுப்புழு வந்த இடத்தில் நிறுத்திவிட்டு, இனி என்ன ஆகும் என்று கேட்டேன். ஒன்றாம் வகுப்புக்காரன் ஒருவன் “புழு செத்துப்போச்சு டீச்சர்” என்றான். இல்லை தூங்குது என்று இன்னொருத்தி. ஒரே சண்டை. நான் மிச்சத்தைப் போடவே இல்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்று அணைத்துவிட்டேன். மறுநாள் மூன்று பேர் எலுமிச்சை இலையோடு புழுவைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள்!

நான்: சித்தி இதை நேற்று பயிற்சியில் சொன்னீர்களா?

சித்தி: சொல்ல எங்கே விட்டார்கள், கேள்வி நேரம் சாப்பாட்டு நேரத்தில் கரைந்துவிட்டது. டேய் பெரியவனே, பின்னம் சொல்லித்தர நல்ல தமிழ் வீடியோ இருந்தால் இறக்கி வை, பென்டிரைவில் வேண்டும். பள்ளியில் நெட் வரும்போது வரும்.

அண்ணன்: சரி சித்தி, இன்று இரவுக்குள் 👍

அம்மா: அது கிடக்கட்டும், அந்தப் புழு என்ன ஆச்சு?

சித்தி: இரண்டு கூடு கட்டித் தொங்குகிறது அக்கா, ஹார்லிக்ஸ் பாட்டிலில். மூன்றாவது ஓடிவிட்டது. திங்கட்கிழமை போனால்தான் தெரியும்.