ஷிப்ட் வேலையோடு கதை எழுதும் பழக்கம்: எப்படி நிலைநிறுத்துவது, பாதியில் நிற்கும் கதைகளை எப்படி முடிப்பது?

கூழாங்கல்:
வணக்கம். சிறுகதை எழுதப் பழகுகிறேன். வேலை ஷிப்ட் முறையில், வாரத்துக்கு வாரம் நேரம் மாறும். அதனால் "விடியற்காலையில் எழுந்து எழுதுங்கள்" என்ற அறிவுரை எனக்கு உதவாது. நிலையான நேரம் இல்லாதவர்கள் எழுதும் பழக்கத்தை எதோடு பிணைப்பது? ஒரு நாளைக்கு எவ்வளவு எழுதினால் போதும்? தொடங்கிய கதைகள் பாதியில் நிற்கின்றன, அதற்குள் புதிதாக ஒன்று தோன்றிவிடுகிறது. எழுதும்போதே திருத்துவது சரியா? வாசிப்பையும் இதோடு எப்படிச் சேர்ப்பது? அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் நல்லது.

வரிக்கோடு:
நேரம் மாறுகிறது என்றால் கடிகாரத்தை விட்டுவிட்டு ஒரு செயலோடு பிணையுங்கள். எந்த ஷிப்டாக இருந்தாலும் தூங்கி எழுவீர்கள், குளிப்பீர்கள், சாப்பிடுவீர்கள். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, "குளித்துவிட்டு வந்ததும் மேசையில் உட்கார்ந்து, கடைசியாக எழுதிய பத்தியைத் திறந்து படிப்பேன்" என்று ஒரே வாக்கியமாகத் தாளில் எழுதி வையுங்கள். எதற்குப் பிறகு, எங்கே, முதலில் கை என்ன செய்யும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். "இது நடந்தால் அதைச் செய்வேன்" என்ற இந்த வகைத் திட்டத்தை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் விரிவாக ஆராய்ந்தார். "செய்ய வேண்டும்" என்று பொதுவாக நினைப்பவர்களைவிட இப்படி முடிவு செய்துகொண்டவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள். உட்காரலாமா வேண்டாமா என்ற யோசனைக்கு அந்த நேரத்தில் வேலையே இல்லாமல் போவதுதான் காரணம்.

"வேலை முடிந்து வந்ததும்" என்று மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். களைப்பும் வீட்டு வேலையும் கைப்பேசியும் சேர்ந்து வந்து நிற்கும் நேரம் அது. "நேரம் கிடைக்கும்போது" என்பதும் ஆகாது, அப்படி ஒரு நேரம் தானாக வராது.

21 நாளில் பழக்கம் ஒட்டிக்கொள்ளும் என்று பரவலாகச் சொல்வதை நம்ப வேண்டாம். லண்டனில் பிலிப்பா லல்லியும் குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பாக மாறுவதற்கு நடுமதிப்பாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை போனது (மேல் எல்லை, 12 வாரத் தரவை வைத்துக் கணக்கிட்டு நீட்டியது). அதுவும் தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது போன்ற சிறு செயல்களும் அதில் அடக்கம். கதை எழுதுவது அவற்றைவிடக் கடினம் என்பதால் குறைந்தது மூன்று மாதம் பொறுங்கள். ஒரு நாள் தவறினால் பழக்கம் உருவாவது பெரிதாகக் கெடுவதில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஆகவே விட்ட நாளை ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பாக எழுத வேண்டியதில்லை. வழக்கமான அளவை எழுதினால் போதும்.

அளவைப் பொறுத்தவரை இரண்டு எண்கள் வேண்டும். கீழ் எல்லை 50 சொல்: எவ்வளவு மோசமான நாளிலும் எழுதக்கூடியது. மேல் எல்லை 400 சொல்: முதல் இரண்டு மாதம் அதைத் தாண்டாதீர்கள். மேல் எல்லையைத்தான் எல்லோரும் அலட்சியம் செய்கிறார்கள். விடுமுறை நாளில் 2000 சொல் எழுதித் தள்ளுபவருக்கு மறுநாள் 200 அற்பமாகத் தெரியும், உட்காரவே மனம் வராது. கதையில் அடுத்து என்ன என்று யோசிக்காமலே கைவசம் இருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்திருப்பார்.

ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரோலப், கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொல் எழுதினார் என்பதை அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். 1883இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்றில் அதோடு இன்னொன்றும் இருக்கிறது: எழுதத் தொடங்குமுன் முந்தைய நாள் எழுதியதைச் சுமார் அரைமணி நேரம் படிப்பார். எண்ணைப் பின்பற்றுபவர்கள் அந்த அரைமணியை விட்டுவிடுகிறார்கள். தமிழில் வேற்றுமை உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டி வருவதால் அதே செய்தி குறைவான சொற்களில் முடிந்துவிடும். அதனால் ஆங்கில எழுத்தாளர்களின் தினசரி இலக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் அளவுக்கு மீறிய சுமையாகிவிடும்.

நிறுத்தும் இடமும் முக்கியம். காட்சி முடிந்த இடத்தில் நிறுத்தாமல், அடுத்த இரண்டு வரி என்ன என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்துங்கள். அடைப்புக்குறிக்குள் "அவள் கடிதத்தைப் பிரிக்கவில்லை, பையில் வைக்கிறாள், அண்ணன் பார்த்துவிடுகிறான்" என்று குறித்துவிட்டு எழுந்திருங்கள். மறுநாள் வெற்றுத் திரையைப் பார்த்து உட்கார வேண்டியிருக்காது.

நீலமசி:
வரிக்கோடு சொன்னதில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். தினமும் எழுதுவது உதவும், ஆனால் கூழாங்கல்லுக்கு முதலில் தேவைப்படுவது முடிக்கும் பழக்கம். வருடம் முழுக்கத் தினமும் எழுதிக்கொண்டே ஒரு கதையைக்கூட முடிக்காமல் இருக்க முடியும். தொடக்கம் எழுதுவதில் மட்டும் கை தேர்ந்து, முடிவு எழுதுவதில் பயிற்சியே இல்லாமல் போய்விடும்.

கதை பாதியில் நிற்கும் காரணங்களில் மூன்றை அடிக்கடி பார்க்கலாம். முதலாவது, பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்று எழுதுபவருக்கே தெரியாமல் இருப்பது. சூழலும் மனநிலையும் மூன்று பக்கம் வரை இழுத்துச் செல்லும், அதற்குமேல் நகராது. அங்கே சிக்கினால் கதையை மூடிவிட்டுத் தனித்தாளில் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: இவருக்கு இன்று என்ன வேண்டும்? யார் அல்லது எது குறுக்கே நிற்கிறது? கிடைக்காவிட்டால் எதை இழப்பார்? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால், கதை நின்றதற்குக் காரணம் உங்கள் சோம்பல் இல்லை, கதையில் இன்னும் எதுவும் பணயம் வைக்கப்படவில்லை.

இரண்டாவது, முதல் பக்கத்தையே திரும்பத் திரும்பச் செதுக்குவது. எழுதும்போதே திருத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதல் வரைவில் வேண்டாம். நேற்றைய பத்தியைப் படிக்கும்போது எழுத்துப்பிழையைச் சரிசெய்யலாம், அவ்வளவுதான். பாதி வழியில் "தங்கை பாத்திரம் தேவையில்லை" என்று புரிந்தால் திரும்பிப் போய் நீக்காதீர்கள். "இங்கிருந்து தங்கை இல்லை" என்று ஓரத்தில் குறித்துவிட்டு, இல்லாததுபோலவே மேலே எழுதுங்கள்.

மூன்றாவது, புதுக் கருவின் கவர்ச்சி. யார், என்ன வேண்டும், எது தடை என்று மூன்று வரி மட்டும் தனிக் குறிப்பேட்டில் எழுதி மூடுங்கள். கையிலுள்ள கதை முடியும்வரை நான்காவது வரி எழுதக் கூடாது. நல்ல கரு காத்திருக்கும். நீர்த்துப்போனால் அது கருவே இல்லை என்று தெரிந்துகொண்டதாக ஆகும்.

பழகுவதற்கு வேண்டுமென்றே சிறிய வரம்பு வையுங்கள்: 1200 சொல், இரண்டு பாத்திரம், ஒரே இடம், ஒரு நாளுக்குள் முடியும் நிகழ்வு, பத்து அமர்வுகள். பத்தாவது அமர்வில் முடிவு திருப்தியாக இல்லாவிட்டாலும் ஒரு முடிவை எழுதிவிடுங்கள். மோசமான முடிவைத் திருத்தலாம், இல்லாத முடிவைத் திருத்த முடியாது.

முடித்ததும் குறைந்தது இரண்டு வாரம் தொடாதீர்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால், எழுதியதற்குப் பதிலாக எழுத நினைத்ததைத்தான் கண் படிக்கும். திருத்தும்போது வரிசை மாறக் கூடாது. முதலில் கட்டமைப்பு, பிறகு காட்சி, அப்புறம் வாக்கியம், கடைசியில் ஒற்றும் சந்தியும். இதைத் தலைகீழாகச் செய்தால், அழகாகச் செதுக்கிய பத்தியை நீக்க மனம் வராது. கதைக்கு அது வேண்டாததாக இருந்தாலும் அங்கேயே கிடக்கும்.

கட்டமைப்புக்கு ஒவ்வொரு காட்சியையும் ஒரு வரியில் எழுதுங்கள், பக்கத்தில் "என்ன மாறியது?" என்று குறியுங்கள். எதுவும் மாறாத காட்சியை நீக்கலாம் அல்லது பக்கத்துக் காட்சியோடு சேர்க்கலாம். முதல் பக்கத்தை மறைத்துவிட்டு இரண்டாம் பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள். கதை அங்கேதான் தொடங்குகிறது என்பது பலமுறை தெரியவரும்.

வாக்கிய அளவில் தமிழுக்கே உரிய சில சிக்கல்கள் உண்டு. வினை பெரும்பாலும் கடைசியில் வருவதால் "எழுந்தான். நடந்தான். கதவைத் திறந்தான். பார்த்தான்." என்று ஒரே ஒலியில் வாக்கியங்கள் வரிசையாக முடியும். வாய்விட்டுப் படித்தால் உடனே காதில் இடிக்கும். இரண்டை வினையெச்சத்தால் இணையுங்கள், ஒன்றைப் பெயர்ச்சொல்லில் முடியுங்கள், ஓரிடத்தில் உரையாடலைக் கொண்டுவாருங்கள். "வந்தான்" என்று போகும் கதை கவனிக்காமலே "வருகிறான்" என்று மாறுவது, அப்பாவை ஒரு பக்கம் "அவர்" என்றும் அடுத்த பக்கம் "அவன்" என்றும் எழுதுவது, ஒரே ஆள் ஒரு வரியில் "வந்துட்டேன்" என்றும் அடுத்த வரியில் "வந்துவிட்டேன்" என்றும் பேசுவது, இவை மூன்றையும் தனித்தனி வாசிப்பில் தேடுங்கள். ஒரே வாசிப்பில் எல்லாவற்றையும் பிடிக்கப் பார்த்தால் பாதி தப்பிவிடும். "திடீரென்று", "ஏனோ", "ஒருவித", "மெல்ல" போன்றவற்றைத் தேடல் வசதியில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலானவற்றை எடுத்தாலும் வாக்கியம் அப்படியே நிற்கும்.

ஈரமணல்:
வாசிப்பைப் பற்றி மேலே யாரும் சொல்லவில்லை, அதைச் சேர்க்கிறேன். எழுத விரும்புபவர் நிறைய வாசிக்க வேண்டும் என்பது சரிதான், ஆனால் அளவு மட்டும் போதாது. வாரத்துக்கு ஒரு சிறுகதையை மூன்று முறை படியுங்கள். முதல் முறை வாசகராக, பென்சில் இல்லாமல். இரண்டாம் முறை, உங்களுக்கு ஏதாவது தோன்றிய இடங்களில் கோடு மட்டும். மூன்றாம் முறை, கோடு போட்ட இடத்தில் என்ன செய்யப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். காலம் எந்த வாக்கியத்தில் தாவுகிறது? முதல் உரையாடல் எத்தனையாவது பத்தியில்? பாத்திரத்தின் பெயர் எப்போது தெரிகிறது? முக்கியமானதாக இருந்தும் எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்?

பிறகு உங்களைத் தொட்ட ஒரு பத்தியைக் கையால் படியெடுங்கள். தட்டச்சு வேண்டாம், கை மெதுவாகப் போவதுதான் இதன் பயன். எந்த வாக்கியம் எதிர்பார்த்ததைவிடச் சிறியது, எங்கே அடைமொழியே இல்லை என்பதெல்லாம் அப்போதுதான் உறைக்கும். படியெடுத்தது பயிற்சிக்கு மட்டும், உங்கள் கதைக் கோப்புக்குள் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

குறிப்பேட்டிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். "தனிமை பற்றி ஒரு கதை" என்ற குறிப்பு ஆறு மாதம் கழித்து எதற்கும் உதவாது. "பஸ்ஸில் இடம் கிடைத்தும் பையை மடியிலேயே இறுக்கிப் பிடித்திருந்த முதியவர்" என்பது உதவும். கண்ணால் பார்த்தது, காதில் விழுந்த பேச்சு அதே சொற்களில், இவை இரண்டு மட்டும். பேச்சை உடனே எழுதாவிட்டால் நினைவு அதைத் திருத்தி நல்ல தமிழாக்கிவிடும், கதைக்கு வேண்டிய கரடுமுரடு போய்விடும்.

கூழாங்கல்:
மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டு கேள்விகள் மீதம். இடைவேளையில் கைப்பேசியில்தான் எழுத முடிகிறது. குரல்வழித் தட்டச்சு பயன்படுத்தலாமா? முடித்த கதையை யாரிடம், எப்போது காட்டுவது?

வரிக்கோடு:
குரல்வழித் தட்டச்சு உரையாடலுக்கு நன்றாகவே உதவும், வாயிலிருந்து வருவதால் பேச்சு இயல்பாக இருக்கும். விவரணைக்கு அவ்வளவு பொருந்தாது; பேசும்போது வாக்கியம் நீளும், சொன்னதையே திரும்பச் சொல்வோம். ல-ள-ழ, ர-ற, ந-ன-ண மாறி விழும், நிறுத்தக்குறிகளும் பெரும்பாலும் இருக்காது. அதனால் அன்றைக்கே ஒருமுறை சரிபாருங்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் என்ன சொன்னோம் என்பதே சில இடங்களில் புரியாது. கைப்பேசியில் எழுதும் நேரம் மட்டும் இணையத்தை அணைத்துவிடுங்கள். ஒரு கதைக்கு ஒரே கோப்பு, பெயரில் தேதி. துண்டு துண்டாகப் பல செயலிகளில் எழுதினால் எது புதியது என்று தேடுவதிலேயே இடைவேளை போய்விடும். வாரம் ஒருமுறை வேறொரு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

நீலமசி:
காட்டுவது இரண்டாம் வரைவுக்குப் பிறகு. முதல் வரைவில் உங்களுக்கே தெரிந்த குறைகளை அவர்களும் சொல்வார்கள், அவர்களின் புதிய பார்வை அதிலேயே செலவாகிவிடும். இரண்டு அல்லது மூன்று பேர் போதும். அவர்கள் கதை வாசிப்பவர்களாக இருக்க வேண்டும், எழுதுபவர்களாக இருக்க வேண்டியதில்லை.

"நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்ற பதில்தான் வரும். எந்த இடத்தில் கவனம் விலகியது, எங்கே குழம்பித் திரும்பப் படித்தீர்கள், கடைசியில் அவளுக்கு என்ன ஆனதாக நினைக்கிறீர்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வந்தால், நீங்கள் அப்படி விரும்பினீர்களா என்பதை மட்டும் பாருங்கள். பதில் சொல்லும்போது குறுக்கிட்டு விளக்காதீர்கள். கதையோடு நீங்கள் வாசகர் வீட்டுக்குப் போகப் போவதில்லை. இருவர் ஒரே இடத்தைச் சுட்டினால் அங்கே கோளாறு இருக்கிறது. அதைச் சரிசெய்ய அவர்கள் சொல்லும் வழி பெரும்பாலும் பொருந்தாது, கோளாறின் வேர் சில பக்கம் முன்னால் இருக்கும். அங்கே போய்த் தேடுங்கள்.