மாறுகண் அறுவைக்கு முன் தூக்க மருந்து: மிடசோலமா, டெக்ஸ்மெடிடோமிடினா?

கேள்வி:
ஐந்து வயதாகும் என் மகளுக்கு (எடை 16 கிலோ) அடுத்த வாரம் முழு மயக்கத்தில் மாறுகண் அறுவை சிகிச்சை நடக்கவிருக்கிறது. சென்ற ஆண்டு மற்றொரு கண்ணுக்குச் செய்தபோது, முகமூடியைக் கண்டதும் அலறித் திமிறினாள். கண் விழித்த பின்பும் என்னை அடையாளம் தெரியாதவள்போல் வெகுநேரம் அழுதாள். இம்முறை வாயில் மிடசோலமோ மூக்கில் டெக்ஸ்மெடிடோமிடினோ தரலாம் என்கிறார் மயக்க மருத்துவர். எது நல்லது?

பதில் (மயக்கவியல் மருத்துவர்):
அம்மா, இரண்டுமே பழக்கத்தில் உள்ளவைதான். மிடசோலம் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், அதாவது உங்கள் மகளுக்குச் சுமார் 8 மில்லிகிராம். 20 முதல் 30 நிமிடத்தில் அச்சம் தணியும், நடந்ததும் பெரும்பாலும் நினைவில் நிற்காது. ஆனால் கசக்கும்; சில குழந்தைகளுக்கு அமைதிக்கு மாறாகப் படபடப்பையும் கொடுக்கும். டெக்ஸ்மெடிடோமிடின் கிலோவுக்கு 1 முதல் 2 மைக்ரோகிராம். இயல்பான உறக்கத்தைப் போன்ற உறக்கம் வர 30 முதல் 45 நிமிடம் ஆகும். செவோஃபுளூரேன் என்னும் மயக்க வாயுவுக்குப் பின் விழிக்கையில் வரும் அந்தக் குழப்ப அழுகையை இது நன்றாகக் குறைப்பதால், உங்கள் மகளுக்கு நான் இதன் பக்கமே சாய்வேன்.

ஒன்றை மட்டும் மறவாமல் கேளுங்கள். மாறுகண் அறுவையில் கண் தசையை இழுக்கும்போது நாடித்துடிப்பு திடீரெனக் குறைவதுண்டு. 1908-லேயே விவரிக்கப்பட்ட அனிச்சைச் செயல் இது. டெக்ஸ்மெடிடோமிடினும் துடிப்பைக் குறைக்கும் மருந்து என்பதால், சென்ற முறை அப்படி நேர்ந்ததா என்று பழைய மயக்கக் குறிப்பேட்டில் பார்க்கச் சொல்லுங்கள். நேர்ந்திருந்தாலும் அஞ்ச வேண்டாம். இழுப்பதை நிறுத்தினாலே துடிப்பு பெரும்பாலும் மீளும், மீளாவிட்டால் துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் மருந்து இருக்கிறது.

பதில் (ஒரு தாய்):
என் மகன் மிடசோலத்தில் பாதியைத் துப்பிவிட்டான். எவ்வளவு உள்ளே போனதென்று தெரியாததால் மறுபடி கொடுக்கவும் தயங்கினார்கள். மூக்கில் விடுவதில் அந்தச் சிக்கல் குறைவு.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மூக்கில் விட்ட பிறகு அவளை என் மடியிலேயே வைத்திருக்கலாமா?

பதில் (மயக்கவியல் மருத்துவர்):
வைத்திருக்கலாம், விரலில் ஆக்சிஜன் அளவுமானி மாட்டியிருக்க வேண்டும், செவிலியர் அருகில் இருக்க வேண்டும். மருந்து வேலை செய்ய முக்கால் மணி நேரம் வேண்டுமென்பதால், அழைக்கும் நேரத்தை முன்பே கேட்டு வையுங்கள். அவசரமாக உள்ளே அழைத்துச் சென்றால் எந்த மருந்தாலும் பயனில்லை.