வீட்டு வாசலில் ஒன்று, குளியலறைச் சுவரில் ஒன்று: எது தேரை?

வயல்வரப்பு:
ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து வாசல் விளக்கடியில் தினமும் ஒருவர் வந்து உட்கார்ந்துகொள்கிறார். ஈசல் விழ விழ நாக்கை நீட்டி எடுத்துக்கொண்டே இருப்பார். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் "தேரை" என்றாள். அம்மா விடவில்லை. "அது சொறித்தவளைடி. தேரைன்னா குளியலறைச் சுவத்துல ஒட்டிக்கிட்டு, கதவத் திறந்ததும் மூஞ்சில பாயுமே, அதுதான்" என்றார். இருவருமே உறுதியாகச் சொன்னதால் டார்ச் எடுத்துக்கொண்டு இரண்டையும் போய்ப் பார்த்தேன்.

வாசலில் இருந்தவருக்குத் தோல் காய்ந்து கரடுமுரடாக இருந்தது. முதுகெல்லாம் முண்டு, முண்டின் நுனியில் கறுப்பு. கண்ணுக்கு மேலே மை தீட்டியதுபோல எலும்பு வரப்பு. கண்ணுக்குப் பின்னால், பக்கத்துக்கு ஒன்றாக, மொச்சைக்கொட்டை போலப் புடைத்த சுரப்பி. கிட்டே போனால் ஓடவில்லை, நான்கு எட்டு நடந்தார், சின்னதாக ஒரு தத்து தத்தினார், அவ்வளவுதான். விலங்கியல் நூல்கள் தேரை என்பது இவரைத்தான்.

குளியலறையில் இருந்தது ஒல்லி. வழவழப்பான தோல், நீண்ட பின்னங்கால், விரல் நுனியில் வட்டவட்டமாக ஒட்டும் தட்டுகள். தொடையின் பின்பக்கம் மஞ்சள் புள்ளிகள். அது மரத்தவளை. எங்கள் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகத் தேரை என்று சொல்லிவருவது இதைத்தான். அம்மா சொன்னதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே பெயர் இரண்டு பிராணிகள் மேல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் ஊரில் எதைத் தேரை என்கிறீர்கள்? எங்கே பார்த்தீர்கள், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதுங்களேன்.

மாடித்தோட்டம்:
அண்ணா, எனக்கு இந்த வித்தியாசம் தெரியவந்தது ஒரு கெட்ட இரவில். எங்கள் நாய் வயல் தவளைகளை எத்தனையோ முறை கவ்வியிருக்கிறது, ஒன்றும் ஆனதில்லை. போன வருடம் நீங்கள் சொல்லும் அந்த வாசல்காரரைக் கவ்விவிட்டது. உடனே துப்பிவிட்டது, ஆனாலும் கொஞ்ச நேரத்தில் வாயெல்லாம் நுரை, தலையை உதறிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து அதன் முகத்தைக் கீழே சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். தண்ணீர் தொண்டைக்குள் போய்விடாமல் பக்கவாட்டில் ஊற்றி, ஈரத்துணியால் ஈறையும் நாக்கையும் துடைத்துக்கொண்டே இருந்தோம். அப்படியே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சுரப்பியின் பால் இதயத் துடிப்பையே பாதிக்கும் என்று அவர் சொன்னபோதுதான் பயமே வந்தது. நல்லவேளை, மறுநாள் எழுந்து சாப்பிட்டது.

வீட்டில் எல்லோரும் அந்தத் தேரையை அடித்துப் போடச் சொன்னார்கள். நான் கூடாது என்று நின்றுவிட்டேன். அது யார் மேலும் பாய்ந்து விஷத்தைப் பீய்ச்சவில்லை, கடித்து நசுக்கியதால்தான் பால் வந்தது. தொட்டால் மரு வரும் என்பதும் உண்மையில்லை. தொட்ட கையால் கண்ணைத் தேய்க்காமல் கழுவிக்கொண்டால் போதும்.

செம்மண்காடு:
"குண்டாக, முண்டுமுண்டாக இருந்தால் தேரை, ஒல்லியாக இருந்தால் தவளை" என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கடலைக் காட்டில் களை கொத்தும்போது மண்வெட்டியோடு ஒன்று மேலே வந்தது. உருண்டை உடம்பு, குட்டைக் கால், மண் நிறம். "தேரை" என்று சொல்லிக் கையில் எடுத்தேன். கொத்த வந்த பெரியவர், "தம்பி, கண்ணுக்குப் பின்னாடி பாரு" என்றார். பார்த்தேன், அந்தப் புடைப்பே இல்லை. பின்னங்காலைத் திருப்பிக் காட்டினார். பாதத்தில் சின்ன மண்வெட்டி அலகுபோலக் கெட்டியாக ஒரு மேடு. கீழே விட்டதும் பின்னங்கால்களால் மண்ணைத் தள்ளித் தள்ளி, பின்பக்கமாகவே இறங்கியது. முகம் என்னைப் பார்த்தபடியே இருக்க, உடம்பு மெல்ல மெல்ல மண்ணுக்குள் போனது. கடைசியில் இரண்டு கண், அப்புறம் அதுவும் இல்லை. நான் கொத்துவதையே மறந்து நின்றுவிட்டேன்.

"நுணலும் தன் வாயால் கெடும்" என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன், நுணல் என்பது மண்ணுக்குள் புதையும் இந்தத் தவளைதான் என்று யோசித்ததே இல்லை. மணலுக்குள் புதைந்திருப்பதை யாராலும் பார்க்க முடியாது, கத்தினால்தான் இடம் தெரியும். இந்தப் பிராணியை மண்ணோடு பழகிப் பார்த்தவர்தான் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க முடியும். அன்றிலிருந்து குண்டு, ஒல்லி, சொறி எதையும் நான் நம்புவதில்லை. கண்ணுக்குப் பின்னால் மட்டும்தான் பார்க்கிறேன்.

குளத்துமேடு:
நான் பிராணியைப் பார்ப்பதைவிட முட்டையைப் பார்ப்பேன். மழைக் குட்டையில் புல்லைச் சுற்றிக் கறுமணி மாலைபோல நீளநீளமாகக் கிடந்தால் அது தேரை. தவளை முட்டை மாலையாக இருக்காது, கொத்தாகவோ ஏடுபோலவோ மிதக்கும். தொட்டியின் சிமெண்ட் சுவரில் சோப்பு நுரைபோல ஒட்டியிருந்தால் குளியலறைக்காரருடையது. அந்த நுரையை அழுக்கு என்று நினைத்து ஒருமுறை தேய்த்துக் கழுவிவிட்டேன். உள்ளே முட்டை இருந்தது பிறகுதான் தெரிந்தது. இன்றும் அது மனதை உறுத்துகிறது, தயவுசெய்து யாரும் கழுவாதீர்கள். நுரை இளகியதும் தலைப்பிரட்டைகள் தாமாகவே தண்ணீரில் விழும்.

தென்னந்தோப்பு:
எங்கள் பக்கம் உள்ளே பருப்பு இல்லாத தேங்காயைத் தேரை விழுந்த காய் என்போம். இரண்டு தேரையுமே அதற்குக் காரணம் இல்லை. மரத்துக்குச் சத்துக் குறைந்தாலோ மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காவிட்டாலோ அப்படிக் காய்க்கும்.

அப்புறம் ஒன்று. முதல் பெருமழையில் எலுமிச்சை மஞ்சளாக, தொண்டையின் இரு பக்கமும் நீலப்பை உப்பக் கத்துகிறதே, அதை வெளிநாட்டுத் தவளை என்று போன வாரம் யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அது நம் வயலின் பெருந்தவளைதான். இணைசேரும் காலத்தில் ஆண்களுக்கு மட்டும் வரும் நிறம், சில நாளில் பழைய பச்சைப் பழுப்புக்குத் திரும்பிவிடும். என் சிறுவயதில் பெட்ரோமாக்ஸ் வைத்துக்கொண்டு சாக்குச் சாக்காக இவற்றைப் பிடித்துப்போவார்கள், தவளைக்கால் ஏற்றுமதிக்கு. இருட்டிலும் அவர்கள் கை ஒரு தேரையின் மேல் பட்டதில்லை, பாய்ச்சலைப் பார்த்தே பிரித்துவிடுவார்கள். 1987இல் அந்த ஏற்றுமதியை அரசு தடைசெய்தது.

வயல்வரப்பு:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், நுரைக்கூட்டை அவர் கிணற்றடியில் பார்த்திருக்கிறாராம். மகள் "அப்ப தேரை தவளை இல்லையா?" என்று கேட்டாள். வாலில்லாத நீர்நில வாழ்வி எல்லாமே பெரிய கணக்கில் தவளைதான், அதில் ஒரு குடும்பம்தான் தேரை என்று சொல்லியிருக்கிறேன்.

விரல் நுனித் தட்டை மட்டும் வைத்தும் முடிவு செய்ய முடியாது போலிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் மரமேறும் தேரை ஒன்று உண்டு. மலைப்பக்கம் இருப்பவர்கள் யாராவது அதைப் பார்த்திருந்தால் எழுதுங்கள், காத்திருக்கிறோம்.