பாப்ளிடியல் தமனியில் (முழங்காலுக்குப் பின்னால் ஓடும் ரத்தக் குழாய்) பிறை வடிவ ஒடுக்கம்: பலூன் போடலாமா?

கேள்வி:
வயது 43, ஆண். புகைப்பழக்கமோ சர்க்கரையோ இல்லை. நடந்தால் வலது கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது; நின்ற பிறகும் வலி அடங்க 15, 20 நிமிடம் ஆகிறது. கணுக்கால்-கை ரத்த அழுத்த விகிதம் ஓய்வில் 1.0, நடந்த பின் 0.6. ஆஞ்சியோவில் பாப்ளிடியல் தமனி ஓரிடத்தில் மட்டும் வழவழப்பாக, பிறை போல ஒடுங்கியிருக்கிறது. பலூன் போடலாமா?

பதில் 1:
வேண்டாம். இது கொழுப்புப் படிவு மாதிரி தெரியவில்லை; அட்வென்டீஷியல் சிஸ்ட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தமனியின் வெளிச்சுவரில் கூழ் நிறைந்த கட்டி வளர்ந்து, குழாயை வெளியிலிருந்து நெரிக்கிறது. உள்ளிருந்து பலூனை ஊதினால் கூழ் எங்கே போகும்? பலூனை எடுத்ததும் பழையபடி நெரிக்கும். ஸ்டென்ட் இன்னும் மோசம்: முழங்கால் மடங்கும் இடம், உடைந்துவிடும்.

முதலில் முழங்காலை நன்றாக மடக்கிப் பாதத் துடிப்பைப் பாருங்கள். மறைந்தால் இந்த நோயின் பக்கம் சாய்கிறது. காலை நீட்டிவைத்துப் பாதத்தை மேலோ கீழோ வளைக்கும்போது மறைந்தால், தசை தமனியை நெரிக்கும் என்ட்ராப்மென்ட்டை நினையுங்கள். துடிப்பு மறையாததால் மட்டும் இரண்டையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

பதில் 2:
டாப்ளர் அல்ட்ராசவுண்டில் தமனிச் சுவருக்குள் கறுப்பாக ஒரு பை தெரியும், அதில் ரத்த ஓட்டம் இராது. அதோடு நிறுத்தாமல் எம்.ஆர்.ஐ. எடுங்கள். அதில் டி2 என்ற வகைப் படத்தில் கட்டி பளிச்சென்று வெண்மையாக இருக்கும். முழங்கால் மூட்டிலிருந்து கட்டிக்கு ஒரு மெல்லிய காம்பு வருகிறதா என்று ரேடியாலஜிஸ்டிடம் குறிப்பாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் கண்ணில் படாமலே போகலாம்.

கேள்வி கேட்டவர்:
ஊசியால் உறிஞ்சினால் போதாதா?

பதில் 3:
கூழ் கெட்டியானது, கட்டிக்குள் அறைகளும் இருக்கலாம், முழுதாக வராது. காம்பும் சுவரும் அப்படியே இருப்பதால் மறுபடி நிரம்பும். அறுவை தாங்காத உடம்பென்றால் மட்டும் யோசிக்கலாம்.

தமனி திறந்திருந்தால் குப்புறப் படுக்கவைத்து, முழங்காலின் பின்னால் எஸ் வடிவக் கீறல். அங்கே தமனியோடு ஓடும் டிபியல் நரம்பை முதலில் அடையாளம் கண்டு ஒதுக்குங்கள். கட்டியைத் திறந்து கூழை வெளியேற்றி, உட்சுவர் கிழியாமல் கட்டிச் சுவரை இயன்றவரை எடுத்து, காம்பைத் தேடிக் கட்டுங்கள். தமனி அடைத்துப்போயிருந்தாலோ சுவர் நைந்திருந்தாலோ அந்தத் துண்டை வெட்டி, அதற்குப் பதிலாக ஒரு சிரைத் துண்டைத் தலைகீழாகத் திருப்பிவைத்துத் தையுங்கள். கெண்டைக்காலின் பின்புறத் தோலடியில் ஓடும் சிறிய சஃபீனஸ் சிரை அதே கீறலில் கிடைக்கும், ஆனால் மெலிந்திருந்தால் உதவாது. குப்புறப் படுக்கவைத்த பிறகு தொடையில் வேறு சிரை தேடித் திண்டாடாமல், முந்தின நாளே சிறிய சஃபீனஸ், தொடையில் ஓடும் பெரிய சஃபீனஸ் ஆகிய இரண்டு சிரைகளையும் அல்ட்ராசவுண்டில் அளந்து தோலில் குறித்துவிடுங்கள்.