தாளிப்பு: சரியான பொருள் என்ன, சொல் எங்கிருந்து வந்தது?

அரைக்கரண்டி:
சில குறிப்புகளில் 'தாளித்து வதக்கவும்', சிலவற்றில் 'கடைசியில் தாளித்துக் கொட்டவும்'. எது சரி? கடுகு தாளம் போடுவதால்தான் 'தாளிப்பு' என்கிறார்களே, நிஜமா? இன்னொன்று, உளுந்து சிவப்பதற்குள் சீரகம் கருகிவிடுகிறது.

ஈயச்சொம்பு:
இரண்டும் சரிதான். காய்ந்த எண்ணெயில் வாசனைப் பொருளைப் பொரித்து, அந்த மணத்தை எண்ணெயோடு சேர்த்துக் கறியில் இறக்குவதுதான் தாளிப்பு. பெருங்காயமும் கறிவேப்பிலையும் தண்ணீரைவிட எண்ணெயில்தான் நன்றாக மணம் விடும். பொரியல், வத்தக்குழம்பு என்றால் முதலில் தாளிக்கணும், காய் அந்த எண்ணெயிலேயே வதங்கட்டும். ரசம், மோர்க்குழம்பு, சட்னிக்குக் கடைசியில். முதலிலேயே தாளித்து ரசத்தைக் கொதிக்கவிட்டால் மணமெல்லாம் ஆவியோடு போய்விடும்.

சீரகம் கருகுவது வரிசைக் கோளாறு. 4 பேர் சாம்பாருக்கு 2 டீஸ்பூன் எண்ணெய், ½ டீஸ்பூன் கடுகு. முதலில் ஒரே ஒரு கடுகைப் போட்டுப் பாருங்க. உடனே வெடித்தால் மிச்சத்தைப் போடலாம். எண்ணெய் காயாமல் போட்டால் வெடிக்காமல் கிடந்து கசக்கும். புகை வந்தபின் போட்டால் கருகிக் கசக்கும். படபடப்பு அடங்கும்போது தீயைக் குறைத்து உளுந்து. அது பொன்னிறமாகத் திரும்பியதும் கிள்ளிய மிளகாயும் சீரகமும், பத்தே விநாடி. அடுப்பை அணைத்த பிறகு பெருங்காயத்தூள், கறிவேப்பிலை. மிச்சச் சூடே போதும். இலையில் ஈரம் இருந்தால் முகத்தில் தெறிக்கும், துடைத்துப் போடுங்க.

பழஞ்சோறு:
தாளம் கதை ஒலி ஒற்றுமையை வைத்துக் கட்டியது. தெலுங்கில் தாலிம்பு, மலையாளத்தில் தாளிக்க, கன்னடத்தில் தாளிசு (அங்கே ஒக்கரணைதான் அதிகப் புழக்கம்). இத்தனை மொழியிலும் வேர் ஒன்றாக இருப்பதால் இது பழைய திராவிட வினை.

ஆனால் சங்கத் தமிழில் தாளிப்புக்குப் பெயர் 'குய்'. குறுந்தொகை 167இல், தயிர் பிசைந்த விரலோடு, கட்டின துணியைக்கூடத் துவைக்காமல், கண்ணில் 'குய்ப்புகை' நிறையப் புளிக்குழம்பு வைக்கிறாள் ஒரு இளம் மனைவி. அந்தப் புகையில் மிளகாய் நெடி இருந்திருக்காது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, 1498இல் போர்த்துக்கீசியர் வந்தபிறகுதான் இங்கே இறங்கியது. எண்ணெய் தொட்டதும் வரும் 'சொய்' சத்தத்துக்குப் பக்கத்தில் 'குய்'யை வைத்துப் பாருங்க, தாளத்தைவிட எவ்வளவோ பொருத்தம்!

அரைக்கரண்டி:
அப்போ 'தாளித்து வதக்கவும்' என்றால் இரண்டு தனி வேலையா?

ஈயச்சொம்பு:
ஆமா. கடுகு, உளுந்தோடு தாளிப்பு முடிந்தது. வெங்காயம் விழுந்ததும் அதன் தண்ணீரில் எண்ணெய்ச் சூடு இறங்கிவிடும், அதற்குமேல் வதக்கல். அதனால் உளுந்து முழுசாகச் சிவக்காமல் வெங்காயத்தைக் கொட்டாதீங்க, பிறகு அது மொறுமொறுப்பாகவே ஆகாது. கடைசித் தாளிப்பு என்றால் கொட்டியதும் பாத்திரத்தை மூடுங்க. தாளிப்புக் கரண்டியில் ஒட்டிய எண்ணெயை ஒரு கரண்டி சாம்பார் விட்டுக் கழுவி அதையும் உள்ளே ஊற்றிடுங்க.