அரை மணி ஓடி நின்றுவிடும் டிராக்டர்: டீசல் தகராறு அனுபவங்கள்

ஏற்காடு, நாகலூர் பக்கம்

எங்கள் வண்டி 35 எச்.பி., மூன்று சிலிண்டர். அப்பா வாங்கி முப்பது வருஷம் ஆகப்போகிறது. காப்பித் தோட்டத்துக்கு எரு ஏற்றவும் சில்வர் ஓக் கட்டை இழுக்கவும் இன்றைக்கும் அதுதான்.

போன ஐப்பசியில் மக்கர் ஆரம்பித்தது. காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். அரை மணி நேரம் நன்றாக ஓடும். அப்புறம் மேட்டில் லோடோடு ஏறும்போது மூச்சு வாங்கி, இரண்டு முறை திக்கி நின்றுவிடும். பத்து நிமிஷம் விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஸ்டார்ட் ஆகும்.

இரண்டு டீசல் ஃபில்டரையும் மாற்றினேன், ஏர் எடுத்தேன், அதாவது டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றினேன். சரியாகவில்லை. டீசலை அழுத்தி நாசிலுக்கு அனுப்புகிற பெரிய பம்பில்தான் கோளாறு என்று எல்லோரும் சொன்னார்கள். பம்பைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்தில் ஒரு பம்ப் கடையில் கொடுத்தேன். பிரித்து, கழுவி, செட்டிங் செய்து பதினோராயிரம். மாட்டிய மூன்றாம் நாள் அதே மேட்டில் அதே மாதிரி நின்றது. அடுத்து, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசில் மூன்றையும் கழற்றினேன். அதற்கொரு செலவு.

தோட்டத்தில் முன்பு ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பார்க்க வந்தார். பம்பை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நின்ன உடனே டேங்க் மூடியத் தொறந்து பாத்தியா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். அடுத்த முறை நின்றபோது திறந்தேன். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்த சத்தம். உடனே ஸ்டார்ட் செய்தால் ஓடுகிறது!

டேங்கில் டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்காக மூடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. அது அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தருகிற சின்ன பம்ப், அதாவது ஃபீட் பம்ப், எவ்வளவு இழுத்தாலும் டீசல் வராது. வண்டி நின்ற பிறகு காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விடும், அதனால்தான் பத்து நிமிஷத்தில் சரியாகிவிடுகிறது. ஓட்டையை அடைத்தது யார் என்றால், நான்தான். மழையிலும் பனிமூட்டத்திலும் டேங்கில் தண்ணீர் இறங்குகிறதே என்று மூடிக்கு அடியில் பால் கவரை மடித்து வைத்திருந்தேன்.

ஆத்தூர் பக்கம்

எங்களுடையது வேறு மாதிரி. குச்சிக்கிழங்கு (மரவள்ளி) ஏற்றி சேகோ (ஜவ்வரிசி) மில்லுக்குப் போகிற வண்டி. ஓட ஆரம்பித்தால் நாள் முழுக்க ஓடும். ஆனால் ராத்திரி நிறுத்தினால் காலையில், கையால் அடித்து டீசலை ஏற்றுகிற கை பம்பை நாற்பது தடவை அடித்தால்தான் உயிர் வரும். எங்கேயும் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை, அதுதான் ஏமாற்றியது. ஃபீட் பம்புக்கு அப்பால், டீசலைத் தள்ளுகிற பக்கம் லீக் இருந்தால் ஈரம் தெரியும். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் இழுக்கிற பக்கம். அங்கே இடைவெளி இருந்தால் டீசல் வெளியே வராமல் காற்று உள்ளே போகலாம்.

பழைய டியூபைக் கழற்றி, கண்ணாடி மாதிரித் தெரியும் டியூபைத் தற்காலிகமாக மாட்டினேன். குமிழ் குமிழாக ஓடியது. ஃபீட் பம்பில் டியூப் சேருகிற போல்ட்டில் செம்பு வாஷர் கெட்டியாகிப்போய்ச் சரியாகப் பொருந்தாமல் இருந்தது. ஒரே வாஷரை ஒவ்வொரு தடவையும் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறேன்! அவசரத்துக்கு வாஷரைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் இளகிவிடும், ஆனால் புதுசு போடுவதே மேல்.

ஏர் எடுக்கும்போது வரிசை முக்கியம். முதலில் ஃபில்டர் மேலே இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கை பம்பை அடிக்க வேண்டும். நுரை போய்த் தெளிவான டீசல் வந்ததும் இறுக்கி, பெரிய பம்பில் உள்ள ஸ்க்ரூவுக்குப் போக வேண்டும். கடைசியாக நாசில் பைப் நட்டைத் தளர்த்தி செல்ஃப் அடிக்க வேண்டும். நாசில் பீய்ச்சுகிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

வாழப்பாடி

என் கதை கொஞ்சம் வெட்கக்கேடு. இன்ஜின் ஆயில் குறையாமல், மாறாக ஏறிக்கொண்டே வந்தது. "ஆயிலே குடிக்காத வண்டி" என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன். இழுவை குறைந்தபோதுதான் ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கை முகர்ந்து பார்த்தேன். டீசல் வாடை. இன்ஜினோடு சேர்ந்த ஃபீட் பம்பில் டயாஃப்ரம் என்கிற சவ்வு கிழிந்து, டீசல் இன்ஜின் அடியில் ஆயில் நிற்கிற சம்ப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. டயாஃப்ரம் மலிவுதான். நீர்த்த ஆயிலில் ஓட்டியதற்குப் பேரிங் செலவு தனி.

ஏற்காடு, நாகலூர் பக்கம்

வாழப்பாடிக்காரர் சொன்னதைப் படித்து நானும் டிப் ஸ்டிக்கை முகர்ந்து பார்த்தேன், எங்களுடையதில் டீசல் வாடை இல்லை. மழை இறங்காவிட்டாலும் டேங்கில் தண்ணீர் எப்படி வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார், அவருக்கு: டேங்கைக் கால்வாசியில் ராத்திரி நிறுத்தினால் காலிப் பகுதியின் உட்சுவரில் குளிருக்கு ஈரம் படிந்து கீழே இறங்கும். அதனால் இப்போது சாயங்காலமே நிரப்பிவிடுகிறேன். ஃபில்டருக்கு அடியில் இருக்கிற கிண்ணத்தை வாரம் ஒரு தரம் திறந்து பார்க்கிறேன். டீசலைவிடக் கனமான தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். பேரலில் வாங்கி வைப்பவர்கள் அடி டீசலை உறிஞ்சாமல் நாலு விரல் விட்டுவிடுங்கள். இன்னொன்று, டேங்கில் கொஞ்சமே இருக்கும்போது வளைவில் சாய்ந்தால் டீசல் ஒரு பக்கம் ஒதுங்கி, குழாய் காற்றை இழுத்துவிடும். அதையும் பம்ப் கோளாறு என்றுதான் சொல்வார்கள்.

புது மூடி வாங்கி மாட்டிவிட்டேன். மழைக்கு அதன் மேலே ஒரு டப்பாவைக் கவிழ்த்து வைக்கிறேன், ஓட்டையைத் தொடாமல். பெரியவருக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தேன். பால் கவர் விஷயத்தை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.