நள்ளிரவில் குளத்துக்கு நடுவே எழும்பிய முதுகு: முதல் குளம் வெட்டியவர்களின் அனுபவங்கள்

கொட்டகலைக்காரன்

வீட்டுக்குப் பின்னால் மீன்குளம் வெட்டியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். விளக்கம் தேவையில்லை, நேரே விஷயத்துக்கு வருகிறேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

7 பேர்ச் காணி. வீடு போக மிஞ்சியது மேட்டை வெட்டிச் சமப்படுத்திய பின்பக்கத் துண்டு மட்டும். 8 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி ஆழம் வெட்டினேன். கறுப்புப் பொலித்தீன் 14க்கு 11 அடி. சித்திரையில் தண்ணீர் நிரப்பி, இரண்டு வாரம் விட்டு 9 தங்கமீன் போட்டேன். எல்லாம் நன்றாகவே இருந்தது.

மே மாதக் கடைசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. மூன்றாம் இரவு ஒரு மணி இருக்கும். தகரத்தில் மழைச் சத்தம் கொஞ்சம் ஓய்ந்த நேரம் பின்னால் 'ளொக், ளொக்' என்று கேட்டது. டோர்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். குளத்துக்கு நடுவில் எருமை முதுகு மாதிரி ஒன்று கறுப்பாக எழும்பி நின்றது. மழைத்துளி விழுந்து மினுங்கியது. வெளிச்சம் பட்ட நேரம் அது மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. எனக்குக் கால் நகரவில்லை. பின்னாலேயே எழுந்து வந்த என் மகள் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, உள்ள யாரோ இருக்காங்க" என்றாள்.

கையை வைத்து அமுக்கினேன். அந்த இடம் உள்ளே போனது, பக்கத்தில் இன்னோர் இடம் எழும்பியது. அப்போதுதான் புரிந்தது, பொலித்தீன். மேட்டிலிருந்து கசிந்த தண்ணீர் அடியில் புகுந்து அதைத் தூக்கியிருக்கிறது. குளத்துத் தண்ணீர் கரையைத் தாண்டி ஓடியதில் மீன்களும் வெளியே போய்விட்டன. மகளும் நானும் சேற்றைக் கையால் துழாவி 5 மீனை வாளியில் போட்டோம். மற்ற நாலும் கிடைக்கவில்லை.

யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?


பண்டாரவளை வாத்தியார்

எனக்கு நடந்தது வேறு, ஆனால் இதே மாதிரி மனதை அரிப்பது. நான் பொலித்தீனை நம்பாமல் சீமெந்துத் தொட்டியாகக் கட்டினேன். பூசி முடித்து நாலாம் நாள் தண்ணீர், அன்றைக்கே மீன். பிள்ளைகள் அவசரப்படுத்தினார்கள், நானும் இடம் கொடுத்துவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவு. அந்தத் தெளிவுதான் எனக்கு இன்னும் ஞாபகம். அடியில் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது, மேலே 12 மீனும் மல்லாந்து கிடந்தன. உடம்பில் வெள்ளையாகச் சளி மாதிரிப் படிந்திருந்தது. புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு இறங்கித் தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும். அது மீனின் செவுளைச் சுட்டுவிடும்.

அம்மாயி வந்து பார்த்துவிட்டு, "வாழத்தண்டு போட்டு ஊற வச்சியாடா?" என்று கேட்டார். ஒரே ஒரு கேள்வி. அப்புறம் அவரே தண்டை வெட்டிக்கொண்டு வந்து போட்டார். ஒவ்வொரு வாரம் வைத்து மூன்று தடவை நிரப்பி இறைத்தோம். வாழைத்தண்டு வேலை செய்ததா, நிரப்பி இறைத்தது வேலை செய்ததா என்றால், இறைத்ததுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். ஆனாலும் அம்மாயிக்காக அடுத்த தொட்டிக்கும் தண்டு போட்டேன்.


ஊவாக்காரர்

கொட்டகலைத் தம்பி, மீன் போனதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் படித்தது வேறு விஷயத்தை. மேட்டை வெட்டிச் சமப்படுத்திய இடம், மூன்று நாள் மழை, அடியில் தண்ணீர். இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

என் கதை சின்னது. வீட்டுக்கு மேல்பக்கம், அணைச்சுவருக்கு மேலே குளம் வெட்டினேன். ஒரு மாதத்தில் சுவரில் ஒரு வெடிப்பு. முதலில் முடி அளவு, பிறகு என் சின்ன விரல் நுழையும் அளவு. அன்றைக்கே தண்ணீரை இறைத்து, மண் போட்டு மூடிவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு வந்து, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் மண்ணுக்குள் போனபோது, அங்கிருந்து அதிக தூரத்தில் நான் இல்லை. அதற்குப் பிறகு மலைக்கும் தண்ணீருக்கும் நடுவில் விளையாட எனக்கு மனம் வருவதில்லை.

உங்கள் குளத்தின் கணக்கைப் போடுங்கள். 8க்கு 5, ஆழம் 2. மொத்தம் 80 கன அடி. ஒரு கன அடி 28 லீற்றருக்குக் கொஞ்சம் மேல். ஆக 2,260 லீற்றர் வரும், இரண்டேகால் தொன் எடை. சரிவின் தலையில் வைத்தால் அந்தப் பாரம் மண்ணைத் தள்ளும். கசிந்தால் மண்ணுக்குள் இறங்கி அதை இளக்கும். குளத்திலிருந்து வழியும் தண்ணீருக்கு ஒரு கான் வெட்டி, இருக்கிற பெரிய கானில் சேர்க்க வேண்டும். கானை இலைதழை அடைக்க விடக்கூடாது. நம்முடைய ஆட்கள் தேயிலை மலையில் நூறு வருடத்துக்கு மேலாகக் கான் வெட்டியது சும்மா இல்லை.

அப்புறம், மண்சரிவுக்கு அடையாளமான இதையெல்லாம் கவனியுங்கள். இல்லாத இடத்தில் புதிதாக ஊற்று வருவது, இருக்கிற ஊற்று திடீரென்று கலங்குவது அல்லது நின்றுபோவது, மரமும் லைட் கம்பமும் சாய்வது, தரையில் வெடிப்பு, நேற்று வரை சாத்திய கதவு இன்றைக்கு இறுகுவது. இதில் ஒன்று கண்டாலும் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தெரியப்படுத்துங்கள். மழை நேரமாக இருந்தால் முதலில் வீட்டை விட்டு இறங்குங்கள்.


கொட்டகலைக்காரன்

ஐயா, என் குளம் சரிவுக்கு மேலே இல்லை. வெட்டிய மேட்டின் அடியில்தான் இருக்கிறது. அதனால் பாரம் பிரச்சினை இல்லை என்று நினைத்தேன்.


ஊவாக்காரர்

அடியில் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும் தம்பி. மேட்டின் கால் அது. மேலே இருக்கிற மண்ணைத் தாங்கிப் பிடிப்பது அந்தக் காலில் இருக்கும் மண்தான். நீங்கள் அதில் 2 அடி தோண்டி எடுத்திருக்கிறீர்கள். மேட்டுக்கும் குளத்துக்கும் எத்தனை அடி இருக்கிறது? அளந்து சொல்லுங்கள்.


கண்டி மீன்தொட்டி

மண்சரிவுப் பேச்சு அவசியம்தான், ஆனால் பாவம், அவர் கேட்டது வேறு. நானும் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

2022, மார்ச் கடைசி. 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டிய நாட்கள். என் குளத்தில் 14 கோய் மீன். அந்த அளவுத் தண்ணீருக்கு அதில் பாதி மீனே அதிகம் என்று இப்போது தெரியும். பம்ப் நின்றதால் தண்ணீர் அசையவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு இருட்டில் 'சப், சப்' என்று சத்தம். மெழுகுதிரியோடு போய்ப் பார்த்தால், 14 வாயும் தண்ணீருக்கு மேலே. எல்லாம் என் பக்கம் திரும்பித் திறந்து திறந்து மூடுகின்றன. பகலில் சாப்பாடு கேட்கும்போதும் அப்படித்தான் செய்யும். அன்றைக்குக் கேட்டது காற்று.

ஒரு ஜக்கை எடுத்து, தண்ணீரை அள்ளித் தலைக்கு மேலே தூக்கி ஊற்றினேன். விழும் தண்ணீர் காற்றையும் கொண்டுபோகும். கை விட்டுப்போன நேரத்தில் பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா வாளியோடு வந்து, ஒன்றும் கேட்காமல் எதிர்ப்பக்கம் நின்று ஊற்றத் தொடங்கினார். ஆறரை வரைக்கும் இரண்டு பேரும் ஊற்றினோம். 11 மீன் தப்பியது.

இராத்திரியில் பாசியும் செடியும் கூட ஒட்சிசனை எடுக்கும், திருப்பிக் கொடுக்காது. அதனால் விடியும் முன்தான் தண்ணீரில் அது ஆகக் குறைவு. கொட்டகலை மாதிரிக் குளிர் இடத்தில் உங்களுக்குக் கொஞ்சம் வசதி, குளிர்ந்த தண்ணீரில் ஒட்சிசன் கூடத் தங்கும்.


மஸ்கெலியா ரவி அண்ணன் வீட்டுப் பக்கம்

எனக்கு மீன் குறைந்துகொண்டே வந்தது. செதிள் மட்டும் கரையில் கிடக்கும். கொக்கு என்று நினைத்து மேலே நூல் கட்டினேன். ஆனால் கொக்கு இராத்திரியில் வராதே என்று தம்பி சொன்னான்.

ஒரு நாள் இஸ்தோப்பில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணிக்கு மேல், குளத்துக் கல்லில் ஒரு பூனை. பூனை என்றால் நாய் அளவு. கட்டை வால், சாம்பல் உடம்பில் கறுப்புப் புள்ளி வரி வரியாக. தண்ணீரைப் பார்த்தபடி அசையாமல் இருந்தது. நானும் அசையவில்லை. பிறகு முன்னங்காலைத் தண்ணீரில் மெல்லத் தட்டியது, பூச்சி விழுந்த மாதிரி ஒரு வட்டம் விரிந்தது. மீன் மேலே வந்தது. அடுத்த நொடி தலை முழுக்கத் தண்ணீருக்குள்.

சிங்களத்தில் ஹந்துன் திவியா என்று பிறகு வேலைத்தள நண்பர் சொன்னார். மீன்பிடிப் பூனை. சிறுத்தைக் குட்டி என்று நினைத்து லயத்தில் யாராவது பொல்லைத் தூக்குவார்கள், தயவுசெய்து வேண்டாம். சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட பிராணி. நான் குளத்தை ஒரு மூலையில் 3 அடிக்கு ஆழமாக்கி, உள்ளே பெரிய பைப் துண்டு இரண்டு போட்டேன். மீன் ஒளிந்துகொள்ளும். அது இப்போதும் சில நாள் வருகிறது. வரட்டும்.


மாத்தளை நலம்விரும்பி

யாரும் டெங்குவைப் பற்றிப் பேசவில்லையே என்று ஆச்சரியமாக இருக்கிறது. எங்கள் வீட்டுக் குளத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நுளம்புக் குடம்பி கண்டுபிடித்தார், நான் வெட்கப்பட்டேன், அவ்வளவுதான் என் கதை.

ஆனால் எல்லோரும் கேளுங்கள். முட்டை நுளம்பாக ஒரு வாரம் பத்து நாள் போதும். நுளம்பு பெருக இடம் கொடுப்பதற்கு எதிராக 2007ஆம் ஆண்டின் சட்டமே இருக்கிறது. குளத்தைவிட அதைச் சுற்றி இருக்கும் சாமான்தான் ஆபத்து. குளம் வெட்டி மிஞ்சிய பொலித்தீன் மடிப்பு, சீமெந்து குழைத்த தாச்சி, செடிச் சட்டித் தட்டு, கவிழ்க்காத வாளி. வாரத்துக்கு ஒரு நாள் எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரை ஊற்றினால் மட்டும் போகாது. குளத்தில் பத்துக் கப்பி மீன் விடுங்கள், ஒரு குடம்பி மிஞ்சாது. அழகாகப் பூக்கிறது என்று ஆகாயத் தாமரையைக் கொண்டுவந்து போடாதீர்கள். 1909இலேயே சட்டம் போட்டுத் தடுத்த செடி அது. தண்ணீரை மூடிவிடும், மழையில் ஒரு துண்டு ஆற்றுக்குப் போனால் ஆறும் போச்சு. ஆம்பல் வையுங்கள், நீல ஆம்பல் நம் நாட்டுப் பூ.


நுவரெலியா அக்கா

மாத்தளைத் தம்பி, கப்பி உங்கள் ஊருக்குச் சரி. எங்கள் பக்கம் தை மாதத்தில் விடியும்போது புல்லில் உறைபனி கிடக்கும். நான் விட்ட கப்பி ஒரு கிழமை கூட இருக்கவில்லை. தங்கமீன் குஞ்சு குளிரைத் தாங்கும், குடம்பியும் தின்னும்.

நான் எழுத வந்தது அதற்கில்லை. என் குளத்தில் மீனே வைக்கவில்லை அப்போது. தவளை வந்து முட்டையிட்டு, கறுப்பு மணி மாதிரி வாற்பேத்தைகள். என் பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கழற்றாமல் குளத்தடியில் உட்காருவாள். 'இன்னக்கி ஒன்னுக்குப் பின்னங்கால் வந்திருச்சு அம்மாயி' என்று ஓடிவந்து சொல்வாள்.

மேலே தேயிலை மலையில் இலைக் கொப்புள நோய்க்கு மருந்தடித்தார்கள். மழைக்காலத்தில் எப்போதும் அடிப்பதுதான், நானே அந்த மலையில் கொழுந்து பறிக்கிறவள். அன்று இரவு பெரிய மழை. என் குளத்துக்குத் தண்ணீர் அந்த மலைக் கானிலிருந்துதான் வந்தது. காலையில் எல்லாம் வயிறு வெள்ளையாக மேலே மிதந்தது, கால் முளைத்ததும் முளைக்காததும். அந்த மருந்தில் செம்பு இருக்கிறது, தண்ணீரில் வாழ்கிற உயிருக்கு அது ஆகாது. அதனால்தான் என்று காட்ட என் கையில் ஆதாரம் இல்லை. ஆனால் முதல் நாள் பின்னேரம் வரை அவை நீந்தியதை நான் பார்த்தேன்.

பேத்தி அழவில்லை. ஒரு டம்ளரில் ஒவ்வொன்றாக எடுத்தாள். எண்ணிக்கொண்டே எடுத்தாள். 63.

இப்போது கானை மறித்துவிட்டேன். கூரைத் தண்ணீர் மட்டும்தான் குளத்துக்கு. செடியில் இருந்து 'டிக் டிக்' என்று கூப்பிடும் சின்னத் தவளைகள் இருக்கின்றன, அவற்றில் பலவற்றுக்குக் குளமே வேண்டாம், ஈர மண்ணில் முட்டையிடும், முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாகிவிடும். அதைச் சொல்லித்தான் அவளைத் தேற்றினேன். ஆனால் குளத்துத் தவளை இன்னும் திரும்பி வரவில்லை.


கொட்டகலைக்காரன்

அக்கா, உங்களுடையதைப் படித்துவிட்டு மகளிடம் காட்டவில்லை. முடியவில்லை.

ஊவாக்கார ஐயா, அளந்தேன். மேட்டுக்கும் குளத்துக்கும் இரண்டரை அடிதான். மேட்டில் ஈரம் கசிகிற இடத்தையும் பார்த்தேன், தண்ணீர் தெளிவாகத்தான் வருகிறது, வெடிப்பு ஒன்றும் இல்லை. இருந்தாலும் நேற்று நானும் மச்சானும் பொலித்தீனை உருவி, கல்லும் மண்ணும் போட்டுக் குழியை இறுக்கி மூடிவிட்டோம். மேட்டடியில் கான் வெட்டி ரோட்டுக் கானில் சேர்த்திருக்கிறோம். கிராம உத்தியோகத்தரிடமும் சொல்லியிருக்கிறேன்.

முன்பக்கம் பீலிக்குப் போகிற வழியில் சின்னதாக 5க்கு 4 அடி இடம் கயிறு கட்டி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை பொலித்தீனுக்கு அடியில் சல்லி பரப்பி, துளை போட்ட பைப் ஒன்று வெளியே வரும்படி வைக்கப்போகிறேன், அடித்தண்ணீர் அதில் போய்விடும். 5 மீனும் இன்னும் நீல பரலில்தான் இருக்கின்றன. மழை பெய்கிற இரவில் மகள் எழும்பி, பரலுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறாள்.